தமிழ்க் கலையில் தாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புறநானூற்றிலிருந்து சினிமா வரை தமிழில் அம்மாவை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று பேச்சு எழுந்தால், வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்றவள்தான் தாய் என்று நம் சினிமா அடித்துச் சொல்கிறது. நம் பழைய பாட்டும் கோயிலும் அதை அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. வளர்த்தவளுக்கும், பெறாமலேயே தாயானவளுக்கும், ஏன், தாயாக மாறிய ஆணுக்கும்கூட அங்கே பெரிய இடம் இருந்தது. என் பதில்கள் அந்தப் பக்கமே சாயும்.

சங்க காலத் தாய் என்றால் முறத்தால் புலியை விரட்டியவள்தானே?

மேடையில் ஆயிரம் முறை கேட்டிருப்போம். ஆனால் அந்தக் காட்சி புறநானூற்றில் இல்லை. புலி வரும் பாட்டு ஒன்று உண்டு, அது வேறு மாதிரியானது. காவற்பெண்டு பாடிய 86ஆம் பாட்டு அது. வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி, "உன் மகன் எங்கே?" என்று கேட்கிறாள். தாய் சொல்கிறாள்: அவன் எங்கே இருக்கிறானோ எனக்குத் தெரியாது. புலி தங்கிவிட்டுப் போன கற்குகை போல, அவனைப் பெற்ற வயிறு இதோ இருக்கிறது. அவன் போர்க்களத்தில்தான் தோன்றுவான்.

இதை வீரப்பாட்டு என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள். வீரம் இருக்கிறதுதான். ஆனால் அந்தக் குகை காலியாக இருக்கிறது என்பதை யாரும் நின்று கவனிப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரி சாதாரணமாகக் கேட்ட கேள்விக்குத் தன் வயிற்றைக் காட்டிப் பதில் சொல்கிறவளின் குரலில் பெருமை மட்டும்தான் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

மகன் புறமுதுகு காட்டியிருந்தால் மார்பை அறுப்பேன் என்ற தாய்? ஒரே மகனைப் போருக்கு அனுப்பிய தாய்?

இரண்டும் புறநானூற்றில் அடுத்தடுத்து இருக்கின்றன. 278 காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது, 279 ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. முதல் பாட்டில், மகன் புறங்காட்டிச் செத்தான் என்று ஊர் சொல்கிறது. நரம்பு தெரியும் மெலிந்த தோளுடைய கிழவி, அது உண்மையானால் அவன் பால் குடித்த மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள். பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள். அவன் துண்டு துண்டாகக் கிடப்பதைக் கண்டு, "ஈன்ற ஞான்றினும் பெரிது உவந்தனளே". பெற்ற நாளைவிட அதிகமாக மகிழ்ந்தாளாம்.

இந்தப் பாட்டுக்குக் கொடுத்திருக்கும் துறை, அதாவது பாடுபொருள் வகை, உவகைக் கலுழ்ச்சி. மகிழ்ச்சியில் வரும் அழுகை. மேடைப் பேச்சுகளில் மகிழ்ச்சியை வைத்துக்கொண்டு அழுகையை விட்டுவிடுகிறார்கள்.

279இல் ஒருத்தியின் குடும்பத்து ஆண்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கணவன் செத்தது நேற்றுத்தான். இன்று மறுபடி போர்ப்பறை கேட்கிறது. இருப்பது ஒரே மகன். வெள்ளைத் துணி உடுத்தி, பரட்டைத் தலையில் எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்துப் போ என்கிறாள். அந்த எண்ணெய்தான் எனக்கு இந்தப் பாட்டின் உயிர். சாகப் போகிறவனுக்கும் தலை வாரிவிடும் கை அது. பாட்டின் முதல் இரண்டு சொல்லே "கெடுக சிந்தை". இவள் மனம் கெட்டுப் போகட்டும் என்று தொடங்குகிறார் மாசாத்தியார். பாராட்டும் பதைப்பும் அதற்குள் சேர்ந்தே இருக்கின்றன.

இவற்றைக் கொண்டு அன்றைய தாய்மார் எல்லாம் இப்படித்தான் இருந்தார்கள் என்று வரலாறு எழுதக் கூடாது. துறைக்கு ஏற்பப் பாடுவது அன்றைய மரபு. மன்னனுக்குப் போர்வீரன் வேண்டும், அவனை விருப்பத்தோடு தரும் தாயும் வேண்டும். பொன்முடியார் பாடிய 312ஆம் பாட்டு இதை ஒளிக்காமல் சொல்கிறது. பெற்றுத் தருவது தாயின் கடன், சான்றோன் ஆக்குவது தந்தையின் கடன், வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடன். தாயும் கொல்லனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

பிறகு வள்ளுவர் வருகிறார். "ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும்" என்று அதே வார்ப்பில் தொடங்குகிறார். ஆனால் அவருடைய தாய் களத்தில் பிணம் தேடுவதில்லை. மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்டு மகிழ்கிறாள். மகன் உயிரோடு இருக்கிறான். இது சின்ன மாற்றம் இல்லை.

அகப்பாடல்களில் ஏன் இரண்டு அம்மாக்கள் வருகிறார்கள்?

நற்றாய் பெற்றவள், செவிலித்தாய் வளர்த்தவள். தலைவியின் தோழி இந்தச் செவிலியின் மகள். மகள் காதலனோடு உடன்போக்கில் போய்விட்டால் நற்றாய் வீட்டில் இருந்து புலம்புவாள், செவிலி காட்டுக்குள் தேடிப் போவாள். நடக்கிற கால் செவிலியுடையது.

குறுந்தொகை 44ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் அந்த நடையைக் காட்டுகிறார். கால் ஓய்ந்துவிட்டது, பார்த்துப் பார்த்துக் கண் ஒளி இழந்துவிட்டது. வழியில் எதிர்ப்படும் ஆணும் பெண்ணும் எல்லாம் வேறு யாரோ. "அகலிரு விசும்பின் மீனினும் பலரே மன்ற இவ்வுலகத்துப் பிறரே." வானத்து மீன்களைவிட அதிகம் இந்த உலகத்தில் 'பிறர்'. தொலைந்த பிள்ளையைத் தேடுகிறவளுக்குக் கூட்டம் எப்படித் தெரியும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

நற்றிணை 110, போதனார் பாட்டு. சின்னப் பெண்ணாக இருந்தபோது தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்தி, சிறு கோலைக் காட்டி மிரட்டிக் குடிக்கச் சொன்னால், கால் சிலம்பு ஒலிக்க ஓடுவாள். நரைத்த செவிலியர் பின்னால் ஓடிக் களைத்து நிற்பார்கள். அந்தப் பெண் இன்று கணவன் வீட்டில் வறுமை வந்தபோது, அப்பா வீட்டுக் கொழுத்த சோற்றை நினைக்காமல் வேளை தவறி உண்கிறாள். இந்த அறிவை எங்கே கற்றாள் என்று வியக்கிறது பாட்டு. சொல்பவளுக்குப் பெருமையா வேதனையா என்று பிரிக்க முடியாது.

கூடலூர் கிழாரின் குறுந்தொகை 167ஐயும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மகளின் புதுக் குடித்தனத்தைச் செவிலி போய்ப் பார்த்துவிட்டு வந்து நற்றாயிடம் சொல்கிறாள். கட்டித் தயிரைப் பிசைந்த விரலைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டாள், தாளிப்புப் புகை கண்ணில் ஏறியது, அவன் "இனிது" என்று சாப்பிட்டான், அவள் முகம் நுட்பமாக மலர்ந்தது. பெற்றவள் தன் மகளின் மகிழ்ச்சியை வளர்த்தவள் வாய் வழியாகத்தான் அறிகிறாள்.

செவிலியின் வேலைக்குப் பின்னால் பெரிய வீட்டுப் பொருளாதாரம் இருக்கிறது என்பதும் உண்மை. அவள் அந்த வீட்டைச் சார்ந்து வாழ்கிறவள். ஆனாலும் பாட்டு அவளை வேலைக்காரியாக நடத்துவதில்லை. தாய் என்றே நடத்துகிறது.

கோயில் சிற்பங்களில் குழந்தையோடு இருக்கும் தாயை எங்கே பார்க்கலாம்?

சோமாஸ்கந்தரில். சிவனுக்கும் உமைக்கும் நடுவே குழந்தை முருகன். பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில், அதாவது 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி, இந்தப் புடைப்புச் சிற்பம் மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், காஞ்சி கைலாசநாதர் கோயில் ஆகியவற்றின் கருவறைச் சுவர்வரை வந்துவிட்டது. சோழர்கள் அதைச் செப்புத் திருமேனியாக வார்த்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஐங்குறுநூற்றின் 401ஆம் பாட்டு நினைவுக்கு வரும். குட்டியை நடுவில் போட்டுக்கொண்டு படுத்திருக்கும் மான் இணையைப் போல, மகனை நடுவில் வைத்துப் படுத்திருக்கிறார்கள் தலைவனும் தலைவியும் என்று செவிலி சொல்கிறாள். சிற்பி அதைப் படித்திருப்பார் என்று சொல்ல வரவில்லை. ஒரு குடும்பத்தின் நிறைவை இப்படி நடுவில் ஒரு பிள்ளையை வைத்துப் பார்ப்பது இந்த மண்ணுக்குப் பழைய பழக்கம் என்றுதான் சொல்கிறேன்.

உமையம்மை பால் கொடுக்கும் சிற்பம் ஏன் கண்ணில் படுவதில்லை?

மிகவும் அரிது என்பது சரிதான். உமையின் பாலைக் குடித்ததாகப் புகழ்பெற்ற பிள்ளை அவர் பெற்ற பிள்ளை இல்லை. சீர்காழிக் குளக்கரையில் அழுத திருஞானசம்பந்தர்தான் அவர். அங்கும் பெரியபுராணத்தின்படி பால் பொன்வள்ளத்தில் கொடுக்கப்படுகிறது. செப்புத் திருமேனிகளில் சம்பந்தர் ஒரு கையில் கிண்ணமும் மேலே சுட்டும் விரலுமாக நிற்பார். தாய் உருவம் அங்கே இருக்காது, விரல் காட்டும் திசையில் நாம்தான் அவளைக் கற்பனை செய்ய வேண்டும்.

நேரடியாகப் பால் கொடுக்கும் தாய் என்றால் யசோதை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 12ஆம் நூற்றாண்டுச் சோழர் காலச் செப்புத் திருமேனி ஒன்று இருக்கிறது. யசோதை கண்ணனை மடியில் வைத்துப் பாலூட்டுகிறாள். யசோதையும் பெற்றவள் இல்லை, வளர்த்தவள்.

அப்புறம் மதுரை. திருவிளையாடல் கதையில் தாய்ப்பன்றி இறந்துபோக, பசித்துக் கிடந்த பன்றிக்குட்டிகளுக்குச் சிவபெருமானே தாய்ப்பன்றியாகி முலை கொடுக்கிறார். அதை மதுரைத் தூண் சிற்பத்தில் காணலாம். மனித உடலும் பன்றித் தலையுமாக, மடியில் குட்டிகளை ஏந்திப் பாலூட்டும் உருவம். எந்த நாட்டுக் கோயிலிலும் இப்படி ஒரு கற்பனையை நான் அறிந்ததில்லை.

சப்தமாதர்கள் என்ற ஏழு பேரும் தாய்த் தெய்வங்கள்தானே?

பெயரளவில் ஆம். ஆனால் தமிழ்நாட்டில் அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஒரு பக்கம் வீரபத்திரர், ஒரு பக்கம் பிள்ளையார். கையில் பெரும்பாலும் ஆயுதம்தான் இருக்கும், குழந்தை இருக்காது.

மூதேவிக்குக் குழந்தைகள் உண்டா?

உண்டு, இதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். தவ்வை, சேட்டை, மூத்ததேவி என்றெல்லாம் வழங்கப்பட்டவள் பல்லவர், சோழர் காலத்தில் கோயிலுக்குள் இடம் பெற்ற தெய்வம். காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் அவள் இருக்கிறாள். கால்களை அகற்றி ஊன்றி, பெருத்த வயிறோடு, சரிந்த மார்போடு உட்கார்ந்திருப்பாள். ஒரு பக்கம் மாட்டுத்தலை கொண்ட மகன் மாந்தன், மறுபக்கம் மகள் மாந்தி. பக்கத்தில் காக்கைக்கொடி. பிள்ளை பெற்ற உடலை அழகுபடுத்தாமல், அப்படியே கனத்தோடு காட்டிய சிற்பம் தமிழ்நாட்டில் இதுதான் என்பேன்.

தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில், சேட்டையின் மடியில் செல்வம் தேடுகிறீர்களே என்று மக்களை இடித்துரைக்கிறார். அப்படியானால் அன்று மக்கள் அவளிடம் போய் வளம் கேட்டிருக்கிறார்கள். பிறகு அவள் பெயர் வசைச்சொல்லாகி, சிலை வயலுக்கும் ஏரிக்கரைக்கும் போனது. பிள்ளைகளோடு இருந்த ஒரு தாயை ஊரைவிட்டே அனுப்பிவிட்டோம் என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

ஆண் புலவர்கள் ஏன் தாயாக மாறிப் பாடினார்கள்?

பக்தி ஒரு காரணம். கடவுளைக் குழந்தையாக்கினால் பயமில்லாமல் நெருங்கலாம். அதைச் செய்ய ஒரு தாய்க்குரல் வேண்டும். பெரியாழ்வார் யசோதையாகிறார். கண்ணனுக்குத் தொட்டில் கட்டுகிறார், நிலாவைக் கூப்பிடுகிறார், நீராட்டுகிறார், பூச்சூட்டுகிறார். இந்தப் பருவ வரிசைதான் பின்னால் பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையாக வளர்ந்தது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று தொடங்கிப் பத்துப் பருவங்கள். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் அதைச் சோழ மன்னன் இரண்டாம் குலோத்துங்கனுக்குப் பாடினார். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சிக்குப் பாடினார்.

பெரியாழ்வாருக்குச் சொந்தக் காரணமும் இருந்தது என்பது என் எண்ணம். ஆண்டாளைத் துளசித் தோட்டத்தில் கண்டெடுத்து வளர்த்தவர் அவர் என்கிறது வைணவ மரபு. அவருடைய ஒரு பதிகத்தில், மகள் திருமாலோடு போய்விட்ட தாய் புலம்புகிறாள். "ஒருமகள் தன்னை உடையேன்" என்று தொடங்கும் பாட்டு அதில்தான் வருகிறது. திருமகளைப் போல வளர்த்தேன், செங்கண்மால் கொண்டு போனான், யசோதை தன் மருமகளைக் கண்டு மகிழ்ந்து மரியாதை செய்வாளோ என்று கவலைப்படுகிறாள் அந்தத் தாய். நற்றாயின் பழைய புலம்பல் இங்கே ஒரு வளர்ப்புத் தந்தையின் வாயில் வருகிறது. சம்பந்தி வீட்டில் பெண்ணை நன்றாக வைத்துக்கொள்வார்களா என்ற கவலை அவருக்குக் கடவுள் விஷயத்திலும் தீரவில்லை.

இந்த வரிசையில் என்னை அதிகம் பாதித்தவர் குலசேகர ஆழ்வார். பெருமாள் திருமொழியில் அவர் தேவகியாகிறார். பெற்றும் வளர்க்கக் கிடைக்காதவள் அவள். தாலாட்டும் பேறு இல்லாத நான் தாய்மாரில் கடைசித் தாய் என்கிறாள். தளர்நடையைப் பார்க்கவில்லை, வெண்ணெய் அளைந்த கையைப் பார்க்கவில்லை, எல்லாம் "தெய்வ நங்கை யசோதை பெற்றாளே". பெற்றவள் வளர்த்தவளைப் பார்த்து ஏங்குகிறாள். தாய்மை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இந்தப் பதிகத்தைவிட நேர்மையான பதில் தமிழில் இல்லை.

பிள்ளை பெறாத ஒரு பெண்ணை அம்மையார் என்று ஏன் கொண்டாடுகிறோம்?

காரைக்கால் அம்மையாரைத்தானே கேட்கிறீர்கள்? இயற்பெயர் புனிதவதி. மாம்பழ அற்புதத்தைக் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன் அவரை விட்டுவிட்டுப் பாண்டிய நாட்டில் வேறு மணம் செய்துகொள்கிறான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். தேடிப் போன முதல் மனைவியின் காலில் மனைவி, மகளோடு விழுகிறான். அதன்பிறகு அவர் தன் அழகையெல்லாம் உதறிவிட்டுப் பேயுருவம் கேட்டுப் பெறுகிறார். கயிலைக்குத் தலையால் நடந்துவரும் அவரைப் பார்த்து, இவள் நம்மைப் பேணும் அம்மை என்று உமையிடம் சொல்கிறார் சிவன்.

மார்பு வற்றி நரம்பு எழுந்த பேய்மகளை அவரே தன் பதிகத்தில் வரைகிறார். பாலும் அழகும் இல்லாத அந்த உடலையே நம் சிற்பிகள் விரும்பிச் செய்தார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் நடராசரின் காலடியில் தாளம் போட்டபடி உட்கார்ந்திருக்கிறார், முகம் முழுக்கச் சிரிப்பு.

மணிமேகலையில் இன்னொன்று. மாதவி தான் பெற்ற மகளை "மாபெரும் பத்தினி மகள் மணிமேகலை" என்கிறாள். கண்ணகியின் மகள் என்று சொல்கிறாள். மாதவிக்குத் தன் தொழில்மரபிலிருந்து மகளை மீட்க ஒரு வழி தேவைப்பட்டது, வேறொருத்தியைத் தாயாக அறிவித்தாள். இவ்வளவு துணிச்சலான தாய் நம் காப்பியங்களில் வேறு இல்லை.

திருச்சி தாயுமானவர் கதை?

ஒரு பெண்ணுக்குப் பிரசவ நேரம், காவிரியில் வெள்ளம், அவளுடைய தாய் அக்கரையில் மாட்டிக்கொண்டாள். சிவன் அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்க்கிறார். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து சேர்ந்தபின்தான் விஷயம் தெரிகிறது. மலைக்கோட்டையில் இன்றும் சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டு வாழைத்தார் கொடுக்கிறார்கள். முதல் பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்குப் போகும் ஊரில், அம்மா வர முடியாமல் போவதுதான் ஆகப்பெரிய பயம். அந்தப் பயத்துக்கு உருவான சாமி இவர்.

தாலாட்டை உண்மையிலேயே தாய்மார்தான் பாடினார்களா? அதில் என்ன இருக்கிறது?

தாய், பாட்டி, அத்தை எல்லோரும் பாடினார்கள். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை தாய்க்காக வேறு யாரோ பேசியவை. தாலாட்டில் அவளே பேசுகிறாள். கேட்பவருக்கோ மொழி புரியாது, அதனால் எதையும் சொல்லலாம்.

"மாமன் அடித்தானோ மல்லிகைப்பூச் செண்டாலே" என்று குழந்தையை அடித்தது யார் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போகும் பாட்டு எல்லோருக்கும் தெரியும். அடிகூடப் பூவாலேதான். தாலாட்டில் மாமன்தான் நாயகன். தங்கத் தொட்டில் கொண்டுவருவான், வெள்ளிச் சங்கு கொண்டுவருவான். குழந்தையின் அப்பா அநேகமாக வருவதே இல்லை. இதற்குப் பாசம் மட்டும் காரணம் இல்லை. பிறந்த வீட்டுச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கு இல்லாத காலம் அது. இந்துக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்ற சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது. அதுவரை அவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பெரும்பாலும் வந்தது அண்ணன் தம்பி கொண்டுவரும் சீர்தான். மாமன் என்ன கொண்டுவருவான் என்று அவள் அடுக்குவதில் ஆசை இருக்கிறது, உரிமைக் குரலும் இருக்கிறது, கொண்டுவராவிட்டால் என்ன ஆகும் என்ற கவலையும் இருக்கிறது.

நாடும் மொழியும் எப்போது தாயாயின?

அண்மையில்தான். மனோன்மணீயம் நாடகத்தில் சுந்தரம் பிள்ளை தமிழைத் தெய்வமாக வாழ்த்திப் பாடியது 1891இல். அதன் ஒரு பகுதியைத் தமிழ்நாடு அரசு 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக எடுத்துக்கொண்டது, 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தது. வங்காளத்தில் அவனீந்திரநாத் தாகூர் பாரத மாதாவை வரைந்தது 1905இல். காவி உடுத்தி, நான்கு கைகளில் ஏடு, நெற்கதிர், வெள்ளைத் துணி, மணிமாலை ஏந்திய இளம்பெண். அவள் இடுப்பில் பிள்ளை இல்லை. பார்க்கிறவர்கள்தான் பிள்ளைகள்.

இந்தத் தாய்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்களுக்குப் பசியோ தூக்கமோ வயதோ கிடையாது. உண்மையான அம்மாக்களையும் அப்படியே இருக்கச் சொல்லும் பழக்கம் இங்கிருந்தும் வந்திருக்கிறது.

தமிழ் சினிமா அம்மா ஏன் எப்போதும் அழுகிறாள்?

மகனுக்கு ஒரு கடன் வேண்டும் என்பதால். 1950, 60களின் படத் தலைப்புகளே போதும். தாய்க்குப்பின் தாரம் (1956), தாய் சொல்லைத் தட்டாதே (1961), தாயைக் காத்த தனயன் (1962). மூன்றும் தேவர் பிலிம்ஸ் படங்கள், மூன்றிலும் எம்.ஜி.ஆர். நாயகன். தாயை வணங்குகிறவன் தவறு செய்யமாட்டான் என்பது ரசிகருக்குச் சொல்லாமலே புரிந்தது. அவள் படும் கஷ்டம் எவ்வளவு பெரிதோ, அவன் நியாயமும் அவ்வளவு பெரிது. அவளுக்கென்று ஒரு விருப்பம் இருந்தால் இந்தக் கணக்கு குலைந்துவிடும்.

நடிகைகளுக்கு இது இன்னொரு விதத்தில் கொடுமை. ஸ்ரீவித்யா 1953இல் பிறந்தவர், ரஜினிகாந்த் 1950இல். 1975இல் வந்த அபூர்வ ராகங்களில் ரஜினி அவருடைய கணவர். 1991இல் தளபதியில் ரஜினி அவருடைய மகன். மூன்று வயது இளையவர் பதினாறு ஆண்டுகளில் அம்மாவாகிவிட்டார். அந்தப் படத்தில் அவர் கண்ணாலேயே நடித்ததை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு பெண்ணின் முகத்துக்கு இந்தத் தொழில் கொடுத்த காலம் இவ்வளவுதான்.

மாற்றம் இல்லாமலும் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று (2010) படத்தில் சரண்யா பொன்வண்ணன் நிலத்தில் உழைத்து, கோபப்பட்டு, மகனோடு மல்லுக்கட்டும் தாயாக வந்து சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார். கன்னத்தில் முத்தமிட்டால் (2002) படத்தில் தத்துப்பிள்ளை அமுதா, தன்னைப் பெற்றவளைத் தேடிப் போர் நடக்கும் இலங்கைக்குப் போகிறாள். பெற்றவள் அவளைத் தன்னோடு வைத்துக்கொள்வதில்லை. வளர்த்தவள் இடம் அப்படியே இருக்கிறது. தேவகி, யசோதை இருவரையும் ஒரே சட்டகத்தில் நிறுத்திய படம் என்று இதைச் சொல்வேன்.

தாயைப் புனிதமாக்காமல் எழுதிய நவீனத் தமிழ் எழுத்து எது?

மூன்றைச் சொல்கிறேன். தி. ஜானகிராமனின் அம்மா வந்தாள் (1966). அலங்காரத்தம்மாளுக்குத் திருமணத்துக்கு வெளியே ஓர் உறவு இருக்கிறது. அதற்குப் பரிகாரம் போல மகன் அப்புவை வேதம் படிக்க அனுப்புகிறாள். நாவல் அவளைத் தண்டிப்பதும் இல்லை, கழுவிச் சுத்தப்படுத்துவதும் இல்லை.

அம்பையின் அம்மா ஒரு கொலை செய்தாள், 1970களின் தொடக்கத்தில் வந்த சிறுகதை. வயதுக்கு வந்த கறுத்த நிறச் சிறுமி, ஊரிலிருந்து வரப்போகும் அம்மா தன்னை அணைத்து எல்லாவற்றையும் அழகாக்கிவிடுவாள் என்று காத்திருக்கிறாள். நிறத்துக்காக ஒரு பெண் நிராகரிக்கப்பட்ட வீட்டிலிருந்து வரும் அம்மா, இவளும் இப்போதே ஒரு பாரமா என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்கிறாள். அவ்வளவுதான், கொலை நடந்துவிடுகிறது. அந்த அம்மாவையும் யாரோ எப்போதோ அப்படிச் செய்திருப்பார்கள் என்பதுதான் கதையை முடித்த பின்னும் விடாமல் உறுத்துகிறது.

பெருமாள்முருகனின் மாதொருபாகன் (2010) பிள்ளை இல்லாதவளைப் பற்றியது. பொன்னாவும் காளியும் ஒருவரையொருவர் விரும்பும் தம்பதி, குறை அவர்களுக்குள் இல்லை. விசேஷ வீட்டிலும் வயலிலும் ஊர் சொல்லும் சொல்லில் இருக்கிறது. நாவலுக்கு எதிர்ப்பு கிளம்பி, 2015இல் எழுத்தாளர் எழுதுவதையே நிறுத்துவதாக அறிவித்தார். 2016இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் திரும்ப எழுத வந்தார். தாய்மையைப் பற்றிய ஒரு கேள்வி இந்த நூற்றாண்டிலும் எவ்வளவு தூரம் சுடும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஈழத்தில் தாயின் உருவம் வேறு மாதிரி இருக்கிறதா?

அங்கே தாய் தெருவில் நிற்கிறாள். 1984இல் யாழ்ப்பாணத்தில், கைதான பிள்ளைகளுக்காக அன்னையர் முன்னணி திரண்டது. 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் சாலையோரப் பந்தலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். நெஞ்சோடு அணைத்த சட்டமிட்ட புகைப்படம், அதைப் பிடித்த முதிய கை. இந்த நூற்றாண்டின் தமிழ்த் தாய்க்கு இதுதான் முதன்மையான உருவம் என்று நினைக்கிறேன். மகன் எங்கே என்று அன்று காவற்பெண்டிடம் அயலாள் கேட்டாள். இங்கே தாயே அரசிடம் கேட்கிறாள், பதில் வரவில்லை. தேடித் தேடியே பல பெற்றோர் இறந்துபோனார்கள்.

எங்கிருந்து தொடங்கலாம்?

படிக்க என்றால் குறுந்தொகை 44, 167, நற்றிணை 110. மூன்றும் சேர்ந்து ஒரு பக்கம்கூட வராது. அடுத்து குலசேகர ஆழ்வாரின் தேவகி புலம்பல், உரையோடு படியுங்கள், வாய்விட்டுப் படியுங்கள்.

பார்க்க என்றால் காஞ்சி கைலாசநாதர் கோயில். சோமாஸ்கந்தர், தவ்வை இரண்டும் ஒரே வளாகத்தில் கிடைக்கும். காலை வெயில் சாய்வாக விழும் நேரம் நல்லது, தேய்ந்த மணற்கல்லில் உருவம் அப்போதுதான் எழும்பித் தெரியும். காரைக்காலுக்குப் போவதானால் ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி வரும் மாங்கனித் திருவிழாவுக்குப் போங்கள். அன்று மாடியிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். பிள்ளை வரம் வேண்டி அதைப் பிடிக்க முந்தானையை விரித்து நிற்கும் பெண்கள் கூட்டத்தில் உண்டு. கூட்டம் அதிகம் என்பதால் சின்னக் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போகாதீர்கள்.